காலடிப்பேட்டையின் தேர்தல் கமிஷனர்

டீக்கடை பெஞ்சில் ஒருவர் தினத்தந்தியின் முதல் பக்கத்தைத் தாண்டிப் போய், உள்ளே பொடி எழுத்தில் போட்டிருக்கும் வேட்பாளர் பட்டியலை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தால், அவரிடம் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். அரை நாள் போய்விடும். அவர்தான் கமிஷனர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். டயர் கம்பெனியிலோ மோட்டார் கம்பெனியிலோ ஷிஃப்ட் ஷிஃப்டாக உழைத்து ரிட்டையர் ஆனவர். தொழிற்சங்கத் தேர்தலில் சீட்டு எண்ணிய கை. அவருக்கும் டில்லியில் இருக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் ஒரே ஒரு சம்பந்தம்தான்: இரண்டு பேருமே தேர்தல் முடிகிற வரை யாரையும் நம்ப மாட்டார்கள்.

நாமெல்லாம் ஓட்டுப் போடுகிறவர்கள். கமிஷனர் ஓட்டை ‘முடிவு பண்ணுகிறவர்’. அதற்கென்று சொந்தமாக ஒரு சட்டம் வைத்திருக்கிறார். வார்டுக்கு ஆளைப் பார், கோட்டைக்குக் கட்சியைப் பார். இதோடு நிறுத்திவிட்டு டீயை உறிஞ்சுவார். “டில்லிக்கு இன்னா நைனா?” என்று யாராவது கேட்க வேண்டும். கேட்டால்தான் மீதி வரும். “டில்லிக்கு உன் கோவத்தப் பாரு.”

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. அமல்படுத்துவதில்தான் சிக்கல். ஏனென்றால் எந்தக் குறைக்கு எந்த ஆபீஸ் பொறுப்பு என்பது கமிஷனருக்கு அத்துப்படி. குப்பை மாநகராட்சி, சாக்கடை மெட்ரோ வாட்டர், புகை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், துறைமுகம் டில்லி, கன்டெய்னர் லாரி எந்த ரோட்டில் நிற்கிறதோ அந்த ரோட்டுக்காரன். நமக்கு இதெல்லாம் தெரியாது. பெட்ரோல் விலை ஏறினால் கவுன்சிலர் மீது கடுப்பாவோம், தெருவிளக்கு எரியவில்லை என்றால் எம்.பி.யைத் தோற்கடிப்போம். ஆகவே ஒரு நிமிஷத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அவரால் அது முடிவதில்லை.

மெட்ரோ ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை ரயில் ஓட ஆரம்பித்தது. காலடிப்பேட்டைக்கும் ஒரு ஸ்டேஷன். ஏழு வாரம் கழித்து ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். ஊரே ஏசியில் சென்ட்ரல் வரை போய்த் திரும்பிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, கமிஷனர் மட்டும் படிக்கட்டில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மெட்ரோ கம்பெனியில் மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி. அப்படியானால் இந்த எஸ்கலேட்டருக்கு நன்றியை எந்தத் தேர்தலில் செலுத்துவது? போதாக்குறைக்கு அந்த முறை திருவொற்றியூரில் நாம் தமிழர் கட்சியின் சீமானே வந்து நின்றார். டி.வி. வேன்கள் தேரடி வரை வந்து மைக்கை நீட்டின. கமிஷனர் பேட்டி கொடுத்தார். இருபது நிமிஷம் பேசினார். எந்தச் சேனலிலும் வரவில்லை. தி.மு.க.வின் கே.பி. சங்கர் ஜெயித்தார். எஸ்கலேட்டருக்கு யார் நன்றி சொன்னார்கள் என்பது இன்று வரை தெரியவில்லை.

2023 டிசம்பரில் விஷயம் சிரிப்பைத் தாண்டிவிட்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அது அடங்குவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மறுநாள் டீக்கடையில் எல்லாரும் ஆத்திரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது கமிஷனர் ஒரு கேள்வி கேட்டார். “கடலுக்கு அடியில போற பைப்பு எந்த வார்டுபா?” யாருக்கும் பதில் தெரியவில்லை. சிரித்தவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குச் சிரிக்கக் கூடாது என்பது என் கட்சி.

கமிஷனருக்கும் ஒரு பொற்காலம் உண்டு. அது 1996. கோடையில் பார்லிமென்ட்டுக்கும் சட்டமன்றத்துக்கும் ஒன்றாகத் தேர்தல். வெள்ளைச் சீட்டு ஒன்று, இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்று. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். அப்போது திருவொற்றியூர் தனி நகராட்சி. கவுன்சிலருக்கு ஒரு ஓட்டு, சேர்மனுக்கு ஒரு ஓட்டு. ஆக ஒரே வருஷத்தில் நாலு. “நாலையும் நாலு விதமா போட்டேன்” என்று இன்றும் சொல்லிக்கொள்வார். அதே வருஷம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. அங்கே ஓட்டு இல்லாமல் போனதில் அவருக்குத் தீராத மனக்குறை.

பஞ்சகாலமும் உண்டு. 2011இல் ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகளே எல்லாம். குப்பை எடுத்தார்களா இல்லையா என்பதெல்லாம் வேறு விஷயம். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் கமிஷனர் இளைத்தே போனார். ஒருவழியாகத் தேர்தல் வந்தது. பார்த்தால் ஒரே ஒரு ஓட்டு. மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்களாம். ‘நோட்டா’ பொத்தானும் இல்லை. மீஞ்சூர் பக்கம் கிராமத்தில் இருக்கும் மச்சானுக்கு 2019 கடைசியில் நாலு நிறத்தில் நாலு சீட்டு கொடுத்தார்கள். மச்சான் நாலையும் மடமடவென்று குத்திப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். கமிஷனர் அவனோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

அந்த ஒரே ஓட்டுக்கு அவர் செய்த ஆராய்ச்சியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வேட்பாளர்களின் சொத்து விவரப் பிரமாணப் பத்திரங்களைப் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து, கிளிப் போட்டு வைத்திருந்தார். வழக்கு இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். “இந்த ஏரியாவுல கேஸ் இல்லாதவன் அரசியலுக்கு இன்னாத்துக்கு வர்றான்?” நேரே மனைவி பெயரில் இருக்கும் நகைக்குப் போவார். கழுத்தில் கிடப்பதை அவரே கோயிலில் பார்த்திருக்கிறார். பத்திரத்தில் இருப்பது அதைவிடக் குறைவாக இருந்தால் பென்சிலால் ஒரு சுழி. அப்புறம் கார். தெருவே அறிந்த வெள்ளைக் கார் பத்திரத்தில் இல்லாவிட்டால் இன்னொரு சுழி. எல்லாரையும் சுழித்து முடித்த பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு ஜோசப் காலெட்டுக்கு வருவார். 1717 முதல் மூன்று வருஷம் சென்னையில் கவர்னராக இருந்த வெள்ளைக்காரர். நெசவாளர்களைக் கொண்டுவந்து இந்தப் பேட்டையை உண்டாக்கியவர். கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலையும் அவர்தான் கட்டிக் கொடுத்தார் என்பார்கள். “ஓட்டு கேட்டா வந்தான் அவன்? தெரு போட்டான், கோயில் கட்டினான், போயிட்டான்.” கமிஷனர் கணக்கில் இந்த ஊர் கண்ட ஒரே நல்ல கவுன்சிலர் அவர்தான்.

துட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கமிஷனர் கோபித்துக்கொள்வார். டோல்கேட்டைத் தாண்டினால் ஆர்.கே. நகர் தொகுதி. 2017இல் அங்கே இடைத்தேர்தல் வந்து, பணப் பட்டுவாடா என்று ஏப்ரலில் தேர்தலையே ரத்து செய்து, மறுபடி டிசம்பரில் நடத்தினார்கள். இருபது ரூபாய் நோட்டே டோக்கன் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் பக்கத்து ஆட்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, கல்யாண வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பிள்ளைகளைப் போல அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமிஷனர் மட்டும் அசரவில்லை. துட்டு வாங்குகிறவனை அவர் திட்டவும் மாட்டார். “கொடுக்கிறவன் எல்லார்கிட்டயும் வாங்கிக்க. ஒருத்தன்கிட்ட மட்டும் வாங்கினா அதுக்குப் பேரு லஞ்சம்.”

வாக்குறுதி கொடுப்பதிலும் அவருக்கு அதே சமத்துவம்தான். கையில் வாக்காளர் பட்டியலோடு பையன்கள் வருவார்கள். “நைனா, இந்த தபா நமக்குத்தானே?” “உனக்கு இல்லாம யாருக்குடா?” பையன் பேருக்கு நேராக டிக் அடித்துக்கொள்வான். சாயங்காலம் வேறு கரை வேட்டி. அதே கேள்வி, அதே பதில், அதே டிக். இப்படி எல்லாக் கட்சிப் பட்டியலிலும் கமிஷனர் உறுதியான ஓட்டு. பூத் கமிட்டிகள் போடும் கணக்கு ஏன் தப்பிப்போகிறது என்று பெரிய பெரிய ஆட்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வதில் இவருக்கும் ஒரு பங்கு உண்டு.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. வட சென்னையில் 35 வேட்பாளர்கள். ஒரு மெஷினில் 16 பொத்தான்தான் என்பதால் மறைப்புக்குள் வரிசையாக மூன்று மெஷின்கள். கமிஷனரின் சம்சாரம் காலை ஏழு மணிக்கே முதல் வரிசையில் நின்று, போட்டுவிட்டு வந்து இட்லி ஊற்றிவிட்டார். கமிஷனர் பத்து மணி வெயிலில் கிளம்பினார். உள்ளே அதிகாரி பேரையும் வரிசை எண்ணையும் உரக்க வாசித்தார். ஏஜென்ட்டுகள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்து ஒரே சமயத்தில் சிரித்தார்கள். எல்லாருக்கும் அவர் சொந்த ஓட்டல்லவா. விரலில் மை. கையெழுத்து. மறைப்புக்குள் போனார்.

போனவர் வெளியே வரவில்லை. முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அப்புறம் பதிவு பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள் என்ற வரிசை சரியாக இருக்கிறதா என்று முதலில் சரிபார்த்தாராம். பிறகு ஒரே பேரில் இரண்டு பேர் நிற்கிறார்களா என்று பார்த்தாராம். அதே தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தோடு இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் நின்றது அவரை ரொம்பவே உஷாராக்கி இருந்தது. வரிசையில் சலசலப்பு. “பெருசு, உள்ள தூங்கிட்டியா?” அதிகாரி எழுந்து நின்று, மறைப்புக்குள் பார்க்கவும் கூடாது, பேசாமல் இருக்கவும் முடியாது என்று தவித்தார். கடைசியில் பொத்தானை அமுக்கினார். அதற்கப்புறமும் ஏழு விநாடி, கண்ணாடிக்குள் அந்தச் சீட்டு விழுகிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

ஜூன் 4. ராணி மேரி கல்லூரியில் எண்ணிக்கை. ஜெயித்தது கலாநிதி வீராசாமி. அது கமிஷனருக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஏஜென்ட் பையன் எழுதிக்கொண்டு வந்த சாவடிவாரிக் கணக்குதான் முக்கியம். அதில் எங்கள் சாவடிக்கு நேராக, பேரே கேள்விப்படாத ஒரு சுயேச்சைக்கு ஒரே ஒரு ஓட்டு. டீக்கடை மொத்தமும் கமிஷனரைத் திரும்பிப் பார்த்தது.

“வடிவுடையம்மன் சத்தியமா நான் இல்லபா.”

நம்புவார் இல்லை. யோசித்து யோசித்துப் போடுகிறவர் வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு நாள் தெருவில் தலைகாட்டவில்லை. ஒவ்வொரு வீடாக மனசுக்குள் அலசினார். அந்தச் சாவடியில் எந்த ஓட்டு எங்கே விழுந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. எல்லா வீட்டையும் கழித்த பிறகு ஒரு வீடுதான் மிஞ்சியது. ராத்திரி சாப்பிட்டு முடித்து, தட்டில் கை கழுவியபடி மெல்லக் கேட்டார்.

“ஏமே, அந்த ஒண்ணு நீயா?”

“ஓட்டு ரகசியம்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கியே, எனக்கு மட்டும் கெடையாதா?” என்றார் சம்சாரம். “லாரி வந்துடுச்சி. கொடத்த எடு.”