ஜவ்வாது மலையில் லிட்டருக்கு எத்தனை? ஏற்ற இறக்கக் கணிதம் குறித்த ஓர் ஆய்வு

1. சிக்கல்

குடும்பக் காரைப் பற்றித் தமிழ்நாட்டில் கேட்கப்படும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: "எவ்ளோ குடுக்குது?" பிரேக், காற்றுப்பை, இழுவை எல்லாம் பின்னிணைப்பில் வருபவை. இக்கேள்விக்கு நிலையான விடை கிடையாது என்பதே ஆய்வுலகின் தீராத தலைவலி. போளூரிலிருந்து ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் ஏறி இறங்கிய ஒரே வண்டி மனைவியிடம் 18 கொடுக்கிறது, மச்சானிடம் 22 கொடுக்கிறது, அதை வாங்க வந்தவரிடம் 24 கொடுக்கிறது. பெட்ரோல் பங்க் ரசீதிடம் மட்டும் 13 கொடுக்கிறது. இடையில் காணாமற்போன கிலோமீட்டர்களைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. புனே மரபு

முதலில் விளம்பர எண்ணின் பூர்வீகம். 2024இல் வந்த ஸ்விஃப்டின் மேனுவல் வகைக்குச் சான்றளிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 24.80 கி.மீ. இவ்வகை எண்களை ஊரார் 'ஏஆர்ஏஐ மைலேஜ்' என்பார்கள். 1966இல் புனேயில் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகத்தின் பெயரால் வந்த வழக்கு அது.

சோதனையின் போது கார் எங்கும் போவதில்லை. உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகிறது. மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி எனப்படும் அந்தப் பயணம் 1,180 விநாடிகளில் முடிந்துவிடும். தூரம் பத்தரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஏசி ஓடாது. ஏற்றம் கிடையாது. குறுக்கே ஆடு வராது. பின்சீட்டில் அத்தை இல்லை. பெட்ரோலைக்கூட யாரும் அளப்பதில்லை: புகைக்குழாயில் வரும் வாயுக்களில் எவ்வளவு கரி இருக்கிறது என்று பார்த்து, எரிந்த பெட்ரோலைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்.

ஆக, விளம்பர எண் பொய் அன்று. ஆளில்லாத, மேடில்லாத, வெயிலில்லாத ஒரு நாட்டில் அது முழு உண்மை. அந்த நாட்டுக்கு ஜவ்வாது மலையிலிருந்து சாலை இல்லை என்பது மட்டுமே குறை.

3. ஏற்றத்தின் விலை

மலை கேட்கும் கூலியைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். ஐந்து பேரும் சாமான்களும் சேர்ந்து கார் 1,200 கிலோ என்று கொள்வோம். அதை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் சுமார் 12 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் மூன்றே கால் கோடி ஜூல் அளவுக்கு இருந்தாலும், எஞ்சின் அதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தரும். மீதி ரேடியேட்டர் வழியும் புகைக்குழாய் வழியும் சூடாகப் போய்விடும். கணக்கு முடிவில் வருவது 150 மில்லி. அதாவது, 100 மீட்டருக்கு ஒரு டம்ளர் டீ வீதம் மலை குடிக்கிறது.

600 மீட்டர் ஏறினால் ஆறு டம்ளர். இது சமதரையிலும் ஆகும் செலவுக்கு மேல் தனி. ஏசிக்கும், இரண்டாம் கியரில் எஞ்சின் முனகுவதற்கும், கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்பதற்கும் இன்னும் தனி.

4. இறக்கத்தின் மாயை

"ஏறும்போது போனா என்ன மாமா, இறங்கும்போது வந்துடும்ல?" என்பது மச்சான் மரபின் மூலச் சூத்திரம். ஏறும்போது செலவழித்த ஆற்றலை இறக்கத்தில் பிரேக் பட்டைகள் சூடாக்கிக் காற்றில் கரைக்கின்றன. டேங்குக்கு எதுவும் திரும்புவதில்லை.

இம்மரபின் தீவிரப் பிரிவினர் இறக்கத்தில் நியூட்ரல் போடுவார்கள். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின் பெட்ரோலை அறவே நிறுத்திக்கொள்கிறது, சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கிறது. ஆகவே நியூட்ரல் பிரிவினர் பெட்ரோலையும் இழந்து, எஞ்சின் பிடிமானத்தையும் இழந்து, பிரேக்கை மட்டும் நம்பி மலையிறங்குகிறார்கள். இது கருத்து வேறுபாடாக நிற்காமல் பள்ளத்தாக்கிலும் முடியலாம் என்பதை ஆய்வாளர் கடமையுணர்வோடு குறிப்பிடுகிறார்.

அதே நேரம் டாஷ்போர்டில் உடனடி மைலேஜ் விண்ணைத் தொடும். அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கம். ஏற்றத்தில் எடுத்த படம் எதுவும் இதுவரை எக்குழுவிலும் கிடைத்திலது.

5. மச்சான் சராசரி

இனி ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. ஏறும் 20 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 8, இறங்கும் 20 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். மச்சான் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்: 24. ஷோரூம் சொன்னதே வந்துவிட்டது, வீடெங்கும் மகிழ்ச்சி.

ஆனால் ஏற்றத்தில் எரிந்தது இரண்டரை லிட்டர், இறக்கத்தில் அரை லிட்டர், மொத்தம் மூன்று. நாற்பதை மூன்றால் வகுத்தால் 13.3. காணாமற்போன கிலோமீட்டர்கள் திருடு போகவில்லை; கூட்டக் கூடாத இரண்டைக் கூட்டியதால் பிறந்தவை அவை. புனே மரபு மேட்டை நீக்கிவிட்டு வகுக்கிறது, மச்சான் மரபு மேட்டைப் பள்ளத்தோடு கூட்டிவிட்டு வகுக்கிறது. இருவரும் அதே எண்ணை அடைவது கணிதத்தின் அருள்.

6. அளவைச் சிக்கல்கள்

இம்மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள யுரேனஸுக்கு வளையம் உண்டென்று 1977இல் தெரியவந்ததில் இங்கு நடந்த அவதானிப்புகளுக்கும் பங்குண்டு. ஒன்றரை அடி தொலைவிலுள்ள பெட்ரோல் முள்ளை அளக்க அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. சரிவில் டேங்கே சாய்ந்திருப்பதால் முள்ளும் தன் கருத்தை வளைவுக்கு வளைவு மாற்றிக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய தடை பங்கில் எழுகிறது. "ஐந்நூறுக்குப் போடுங்க" என்பவர் தூரத்தை ரூபாயால் வகுக்கிறார். டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பங்கில் மீண்டும் நிரப்பி, போட்ட லிட்டரால் வகுப்பதே நம்பத்தக்க முறை. அதற்கு இருமுறை டேங்க் நிரப்ப வேண்டும். மாதக் கடைசியில் எந்த அறிவியலும் அவ்வளவு தூரம் போவதில்லை.

7. பரிந்துரை

ஆகவே 'ஜவ்வாதுச் சுழற்சி' என்னும் புதிய சோதனையை இக்கட்டுரை முன்மொழிகிறது. தொடக்கம் போளூர், நிரம்பிய டேங்க். ஆட்கள் ஐவர், அவர்களில் ஒருவருக்கு வாந்தி வர வேண்டும். ஏசி ஓட வேண்டும்; ஜன்னல் ஒன்றும் திறந்திருக்க வேண்டும். பீமன் மடவு அருவி பார்த்து, டிக்கியில் பலாப்பழமும் சாமை மூட்டையும் ஏற்றித் திரும்ப வேண்டும். வகுத்தலை, வண்டியில் பங்கில்லாத ஒரு பெரியவர் செய்ய வேண்டும்.

கிடைக்கும் எண்ணை எந்த விளம்பரப் பலகையும் தாங்காது என்ற ஆட்சேபம் நியாயமானது. எனினும் அந்த எண்ணுக்கு உரை காண்பதில் எல்லா மரபினரும் ஒன்றுபடுகிறார்கள்: 13 வந்தால் வண்டி சரியில்லை, 14 வந்தால் ஓட்டியவர் கெட்டிக்காரர்.