என் கட்டை வேகுறதுக்குள்ள...

வாடா பேராண்டி, திண்ணையில குந்து. விடியக்காத்தால மாடியில நின்னுகினு நீ போட்ட சத்தத்துல மேலத்தெரு கறவை மாடு பால் சுரக்கலையாம். பால்காரன் வந்து, "உங்க வூட்டுல யாருக்கு வயித்து வலி பெரியவரே?"ன்னான். "வலி இல்லப்பா, சங்கீதம்"னேன். அவன் நம்பல.

இன்னாமோ செஸ்ட் வாய்ஸ், ஹெட் வாய்ஸ்னு போன்ல பார்த்துக் கத்துக்கிறியாமே. தலையில ஏதாச்சும் இருந்தாத்தானே அங்கேர்ந்து குரல் வரும்னு உங்க பாட்டி சொல்றா. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காலிப் பானைதான் நல்லா முழங்கும்.

இது நேத்து முளைச்ச சமாச்சாரம் இல்லடா. தொப்புள்லேர்ந்து கிளம்புற காத்து தலையிலயும் மிடத்துலயும் நெஞ்சுலயும் நின்னு எழுத்தாவுதுன்னு தொல்காப்பியம் பிறப்பியல்லயே இருக்குது. மெலிவு, சமன், வலிவுன்னு மூணு ஸ்தாயிக்கும் தமிழ்ல பேரு வெச்சிருக்காங்க. ஆனா, குரல் பிறக்கிறது நெஞ்சுலயும் இல்ல, மண்டையிலயும் இல்ல. தொண்டைக்குள்ள இருக்கிற ரெண்டு மடிப்புலதான். 1854ல மானுவல் கார்சியான்னு ஒரு பாட்டு வாத்தியார், பல் வைத்தியர் கண்ணாடியை வாய்க்குள்ள விட்டு, வெயிலைத் திருப்பி அடிச்சு, தன் தொண்டையைத் தானே பார்த்தாரு. நீ கண்ணாடியில மீசையைத்தான் பார்க்கிற. மனுஷன் 101 வயசு வாழ்ந்தாரு.

கீழ பாடுறப்ப மடிப்பு தடிச்சு முழுசா மோதும். நெஞ்சுல கை வெச்சா அதிரும். மேல போகப் போக அது இழுபட்டு மெலிஞ்சு ஓரம் மட்டும் அடிக்கும். அதிர்வு மூக்குத்தண்டு, நெத்திப் பக்கம் தெரியும். மத்தளத்துக்கு வார் பிடிக்கிறாப்புலதான்.

ரெண்டுக்கும் நடுவுலதான் வம்பு. நம்ம செஞ்சிக் கோட்டையில ராஜகிரி உச்சிக்குப் போற வழியில பாறை பிளந்துகினு கெடக்குதே, ஏறக்குறைய 24 அடி, பாலம் போட்டுத்தானே தாண்டுறோம்? உன் குரல்லயும் அப்படி ஒரு பிளவு இருக்குது. நீ இன்னா பண்ற? நெஞ்சுக் குரலை மூட்டையாத் தூக்கிகினு அப்படியே தாவுற. கழுத்து நரம்பு புடைக்குது, 'கீ'ன்னு உடையுது. இல்லாங்காட்டி திடீர்னு காத்தாட்டம் மெலிஞ்ச குரலுக்கு மாறிக்கிற. அதுக்குப் பேருதான் கள்ளத்தொண்டை. கள்ளன் எப்ப உள்ள வந்தான்னு வூட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாதுடா. நீ தாரை தப்பட்டை அடிச்சுகினு திருடப் போற.

நான் கூத்துல பின்பாட்டு நின்னவன். திரௌபதி அம்மன் திருவிழாவுல அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கியா? ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடிகினே தபசு மரம் ஏறணும். மூச்சை அடக்கி ஆளத் தெரியாதவன் பாதி மரத்துலயே வரம் கேட்டுடுவான். அந்தக் காலத்துல மைக்கும் கிடையாது. ராத்திரி பூரா உச்ச சுதியில, கடைசி ஜனத்துக்கும் கேக்கணும். பெண் வேஷம் கட்டுறதும் ஆம்பளைங்கதான். அடியை நாங்க பின்னாடி வாங்கிப் பாடுறப்ப வேஷக்காரனுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். அப்படியும் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கினவங்க உண்டு. நான் ஒருத்தன் போதாதா? நல்லாப் பாடியிருந்தா மேடையில இருந்திருப்பேன், திண்ணையில குந்தி உனக்குப் புத்தி சொல்லிகினு இருப்பேனா?

கேளு. தேசிங்கு ராஜா குதிரையாட்டம் உதட்டை 'புர்ர்'னு அடிச்சுகினே கீழேர்ந்து மேல, மேலேர்ந்து கீழ வழுக்கிகினு வா. அப்புறம் வாயை மூடி முனகு. மேல் ஸ்தாயியில மெதுவா ஆரம்பிச்சு, அந்த லேசை விடாம கீழ இறங்கு. பிளவு தன்னால மூடும். அந்த இடத்துல சத்தத்தைக் குறை, கூட்டாதே. வலிச்சா நிறுத்து. கீழயும் விட்டுடாத; விடியக்காலம் மந்தர ஸ்தாயியில அகாரம் பிடி, அப்பத்தான் குரலுக்கு அஸ்திவாரம் விழும். ஒருநாளைக்குக் கால் மணி நேரம் போதும். மாட்டுக்கும் அதுதான் நல்லது.

முக்கியமானது சுதி. கச்சேரியில ஆம்பளைங்க பெரும்பாலும் 1 கட்டை, 2 கட்டைக்குள்ளதான் பாடுவாங்க. பொம்பளைங்க 4½, 5½. நீ எவனோ சினிமாவுல பாடினான்னு அவன் சுதியில போய்த் தொங்குற. என் கட்டை வேகுறதுக்குள்ள உன் கட்டை எதுன்னு கண்டுபிடிடா.

அவசரம் வேற. மொகலாயப் படை 1690லேர்ந்து 1698 வரைக்கும் இதே செஞ்சிக் கோட்டைக்கு முன்னாடி கெடந்துதுடா. பீரங்கி வெச்சிருந்தவனுக்கே எட்டு வருஷம். நீ எட்டு நாள்ல மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கணும்ங்கிற.

நாளைக்கு மாடி வேணாம், ஏரிக்கரைக்கு வா. போனை வூட்டுலயே வெச்சுடு. வர்றப்ப எனக்கு ஒரு டீ வாங்கிகினு வா, சர்க்கரை தூக்கலா. பாட்டிக்குத் தெரிய வேணாம்.