கையொப்பமில்லாப் பயணி

பன்னாட்டு விமானத்துக்கு முன்பதிவு செய்வோரின் பெயர், பிறந்த நாள், குடியுரிமை, கடவுச்சீட்டு எண் ஆகியவற்றை விமான நிறுவனம் திரட்டி, சேருமிட நாட்டின் எல்லை அதிகாரிகளுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு 'முன்கூட்டிய பயணியர் தகவல்' எனப்படும். இதில் குடும்பப் பெயருக்கெனத் தனிக் கட்டம் ஒன்று உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்நாளைக் கழித்துவிடும் திருவண்ணாமலையின் அண்ணாமலைகளும் அருணாசலங்களும் தடுக்கி விழுவது இக்கட்டத்தில்தான். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயரே உள்ளவரின் அமெரிக்க விசாவில், அப்பெயர் குடும்பப் பெயராகிவிட, சொந்தப் பெயருக்குரிய இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது 'முதற்பெயர் தெரியவில்லை', என்று அச்சாகிறது. சோதிடரைக் கேட்டுப் பெயர் வைத்த பெற்றோருக்கு இது தெரியாமலிருப்பதே நல்லது. பெயரே எழுதாமல் பயணம் புறப்பட்டவரும் உண்டு: 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்த வேங்கடராமன், அதாவது பின்னாளைய ரமண மகரிஷி, வீட்டில் விட்டுவந்த கடிதத்தில் கையொப்பமிட வேண்டிய இடத்தில் வெறும் கோடு இழுத்திருந்தார். அவருக்கு வாய்த்தது ரயில், ஆகவே காரியம் கைகூடியது. விமானப் பயணிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை: 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்றது; பிறகு, கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தாலே போதும் என்று இறங்கி வந்தது.