பழி ஓரிடம், பீரோ ஓரிடம்

எங்கள் வீட்டில் நெட் கட்டானால் யார் மேல் பழி போடலாம் என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியலே உண்டு. முதலில் கடல். கீழ்வேளூருக்கு நாகப்பட்டினம் பக்கம்தானே, உப்புக்காற்று கேபிளை அரித்துவிட்டது என்பேன். அடுத்து கஜா. 2018 நவம்பர் 16-ல் அந்தப் புயல் நாகை மாவட்டத்துக் கம்பங்களைச் சாய்த்துப் போட்ட பிறகு எதுவுமே பழையபடி இல்லை என்பேன். கடைசியில் வைக்கோல் லாரி. அது ஒருமுறை எங்கள் தெருவில் தாழத் தொங்கிய கேபிளை நிஜமாகவே இழுத்துக்கொண்டு போனது. அன்று முதல், அறுவடைக் காலத்தில் நான் வேறு காரணம் தேடுவதே இல்லை.

வைத்தியம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அணைத்துப் போடுவது. சிங்கப்பூரிலிருந்து மகள் வீடியோவில் வருவாள். பேரன் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நிற்பான். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பேன். சும்மா இருந்திருந்தால் சில விநாடிகளில் தானாக வந்திருக்கும். அணைத்துப் போட்ட மோடம் சோம்பல் முறித்து எழுவதற்குள் மகள் வேலைக்குக் கிளம்பியிருப்பாள்.

பக்கத்து வீட்டுப் பையன் திருட்டுத்தனமாக நம் நெட்டில் படம் பார்க்கிறான் என்ற சந்தேகத்தில் பாஸ்வேர்டை மாற்றினேன். மறக்கக்கூடாதென்று தினசரி காலண்டரில் குறித்தும் வைத்தேன். மறுநாள் விடிந்ததும் மனைவி வழக்கம்போல் தேதியைக் கிழித்தாள். பையனிடம் எங்களைவிட வேகமான சொந்த இணைப்பு இருப்பது, செல்போனைக் கொடுத்து அவனிடமே உதவி கேட்கப் போனபோதுதான் தெரிந்தது.

நான் போட்ட சத்தத்தில் இணைப்புக் கொடுத்த தம்பி ஒருநாள் வந்து சேர்ந்தார். உப்புக்காற்றைப் பற்றி ஆரம்பித்தேன். "சார், உள்ளே இருக்கிறது கண்ணாடி இழை. துருவெல்லாம் பிடிக்காது" என்றார். "மோடத்துல எல்ஓஎஸ்னு ஒரு விளக்கு இருக்கு பாருங்க. அது செவப்பா எரிஞ்சா லைன்ல கோளாறு. எரியலைன்னா லைன் வரைக்கும் சரி. எங்க வச்சிருக்கீங்க?"

காட்டினேன். இரும்பு பீரோவுக்குப் பின்னால், பித்தளை அண்டாவுக்கும் சுவருக்கும் இடையில். கூடத்தில் ஒயர் தொங்கினால் அசிங்கம் என்று நானே தேர்ந்தெடுத்த இடம். அவர் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்புத் தகட்டில் பட்டால் திரும்பிவிடும், தடித்த சுவரில் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைவானாலும் சுவரைத் தாண்டி ஓரளவு வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுணங்கும். நானோ வேகத்துக்கு ஆசைப்பட்டு ஐந்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அத்தனை சுவரும் தள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

சுவரிலும் சாமானிலும் பட்டு எதிரொலிக்கும் அலைகளைச் சமாளிக்கும் வழிக்கு 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ. அதைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த ஜான் ஓ'சல்லிவன், அதற்கு முன்பு வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ அலையைத் தேடிப் பார்த்து ஏமாந்தவர். அந்த வேலையில் பழகிய கணக்குதான் பின்னால் வைஃபைக்குக் கைகொடுத்தது. அவர் தோற்றதில் உலகத்துக்கே லாபம். நான் தோற்றதில் பீரோவுக்குப் பின்னால் ஒட்டடை அடித்ததுதான் மிச்சம்.

இப்போது மோடம் கூடத்துச் சுவரில் ஆள் உயரத்தில் இருக்கிறது. ஒயர் தொங்குகிறது, பேரன் அசைகிறான். உங்கள் வீட்டிலும் நெட் கட்டானால், புகார் எண்ணைத் தேடுமுன் அந்த விளக்கைப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் தாராளமாகச் சண்டைக்குப் போங்கள். எரியாவிட்டால் முதலில் பீரோவை விசாரியுங்கள்.