மூன்று சக்கரத் தலபுராணம்

வாகனத் தகராறு பழனி மலைக்குப் புதிதல்ல. உலகைச் சுற்றி வரச் சொன்னார்கள் என்று மயிலேறிக் கிளம்பினார் தம்பி. மூஞ்சூறுக்காரரான அண்ணனோ அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். கோபித்து மலையேறியவர் இன்னும் இறங்கவில்லை. அன்றைக்கு ஓர் ஆர்.டி.ஓ. இருந்திருந்தால், ‘மயிலுக்கு ஆல் இந்தியா பர்மிட், மூஞ்சூறுக்கு உள்ளூர் பர்மிட், இரண்டையும் ஒரே போட்டியில் விட்டது செல்லாது’ என்று எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றியிருப்பார்.

அதே மலைத்தொடரில், 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். வெயிலுக்குப் பயந்து மேலேறிய துரைமார்களின் வாகனமான டோலிக்குச் சக்கரமே கிடையாது. நாற்காலியில் துரை உட்கார்ந்திருப்பார், மூங்கிலுக்கு அடியில் நம் ஆட்களின் தோள் இருக்கும். இதற்கு இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு காட் ரோடு வந்தது, மோட்டார் ஏறியது. டோலியிலிருந்து காருக்குத் தாவிய ஊரின் கண்ணில் மூன்று சக்கரம் படவே இல்லை. பழனி அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆட்டோ சூழ்ந்துகொள்ளும். கொடைக்கானலோ நெடுங்காலம் டாக்சியோடு மட்டுமே குடித்தனம் நடத்தியது.

ஊரைக் குறை சொல்ல முடியாது. மூன்றைக் கண்டால் சட்டத்துக்கே தலைசுற்றும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, புல்லட்டில் சைடுகார் மாட்டினாலும் அது இருசக்கர மோட்டார் சைக்கிள்தான்; மூன்றாவது சக்கரம் விருந்தாளி. நாலுக்குக் குறைந்த சக்கரமும் 25 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் இருந்தால், அது மோட்டார் வாகனமே அல்ல! வாடகைக்கு ஓடி, ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மிகாமல் ஏற்றினால் ‘மோட்டார் கேப்’. அதாவது, மலை டாக்சியும் அடிவாரத்து ஆட்டோவும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இதை டாக்சி ஸ்டாண்டில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அப்புறம் பேட்டரி ரிக்‌ஷா வந்தது. 2014-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. மத்திய அரசு அவசரமாக விதி எழுதி, மறுவருடமே சட்டத்தில் 2ஏ என்று தனிப்பிரிவு நுழைத்தது: மூன்று சக்கரம், 4,000 வாட்டுக்கு மிகாத சக்தி. விதிப்படி உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவுகளில் அதை விட்டால், இறங்கித் தள்ளுவதற்குப் பழைய டோலிக்காரர்களைத்தான் தேட வேண்டும்.

பஜாஜ் க்யூட்டின் கதை இன்னும் சோகம். நாலு சக்கரம் உண்டு, கூரை உண்டு, ஸ்டீயரிங்கும் உண்டு. ஆனாலும் அது கார் இல்லையாம், ‘குவாட்ரிசைக்கிளாம்’. எந்த ஸ்டாண்டில் நிறுத்துவது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கமிட்டி போட்டுவிடுவார்கள்.