நிமிடத்துக்கு ஐந்து தேக்கரண்டி

கடினக் கூட்டைக் கட்டி வாழும் கல் பவளங்களை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர், ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பெருகியிருக்கும் ஓர் இனத்தவர், கடல் செய்யும் வேலையைத் தம் கூடத்தில் செய்து காட்டத் துணிந்தவர்கள் என்பதால், அவர்களுடைய துன்பங்களும் கடலளவு இருக்கும் என்று வெளியாள் எண்ணக்கூடும். உண்மையில் அவற்றுள் தலையாயது ஒரு சிறு கிண்ணத்தில் அடங்கிவிடும். இந்தியாவில் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை ஆதலால், நம்மவருக்கு இத்துன்பத்திலிருந்து சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் கரைந்திருக்கிறது. பவளம் அதையும் நீரிலுள்ள கார்பனேட்டையும் சேர்த்துக் கூடு கட்டுவதால் தொட்டிநீரில் இரண்டும் நாள்தோறும் குறைகின்றன. அக்குறையை ஈடுசெய்வதே கால்சியம் ரியாக்டர் என்னும் கருவி. இறந்த பவளத்தின் சில்லுகளை ஓர் உருளைக் கலனில் நிரப்பி, தொட்டிநீரையும் கார்பன் டை ஆக்சைடையும் உள்ளே செலுத்தினால், 8.2 அளவில் இருந்த நீரின் பி.எச். 6.5 வரை இறங்கி நீர் புளிக்கிறது. புளித்த நீரில் சில்லுகள் கரைய, அந்தக் கரைசல் தொட்டிக்குத் திரும்புகிறது. செத்தவற்றின் எலும்பைக் கரைத்து அதே குலத்தில் உயிரோடிருப்பவற்றுக்கு ஊட்டும் இந்த ஏற்பாட்டில் சற்றே நரமாமிச வாடை உண்டு என்பதை, நாகரிகம் கருதி, எவரும் பேசுவதில்லை.

இனிக் கணக்குக்கு வரலாம். கார்பனேட்டின் இருப்பைக் காட்டும் நீரின் காரத்தன்மையை இத்துறையினர் டி.கே.எச். என்னும் ஜெர்மானிய அலகால் அளக்கின்றனர். 400 லிட்டர் தொட்டி ஒன்று நாளுக்கு 2 அலகு இழக்கிறது என்றும், தொட்டிநீர் 8 அலகிலும் ரியாக்டரிலிருந்து வரும் நீர் 30 அலகிலும் உள்ளன என்றும் கொண்டால், நாளொன்றுக்குத் தேவைப்படுவது சுமார் 36 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 25 மி.லி.; தேக்கரண்டியால் ஐந்து. மணிக்கு 4,000 லிட்டர் தள்ளவல்ல தொட்டியின் பிரதான பம்பிலிருந்து கிளைக்குழாய் பிரித்து இந்த ஐந்து தேக்கரண்டியைக் கேட்பது, யானையிடம் ஊசியையும் நூலையும் நீட்டுவதாகும். கேட்பவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள்.

யானையை அடக்கக் கிளைக்குழாயில் ஒரு வால்வு வைத்து, அதை மூடியும் மூடாமலும் ஒரு மயிரிழை திறந்து வைப்பது வழக்கம். அந்த மயிரிழையில் பாசியோ நத்தைக் குஞ்சோ குடியேறும், ஓட்டம் குறையும், பி.எச். இன்னும் இறங்கும், சில்லுகள் குழைந்து சேறாகும். இதைத் தவிர்க்க எண்ணியோர் வால்வை வெளிவாயிலுக்கு மாற்றினர். இப்போது கலனுக்குள் அழுத்தம் கூடி வாயு ஒழுங்காகக் கரைந்திருந்தது. ஆனால் வால்வைக் கடந்தவுடன் அழுத்தம் நீங்கி வாயு பிரிவதால், கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து வாயை அடைத்தது. சுண்ணாம்புக் குகைகளில் கூரையிலிருந்து கல் விழுதுகள் இறங்குவதும் இதே வேதியியலால்தான். குகைகள் அவசரப்படுவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு. ஆக, அறிஞர்கள் அடைப்பை நீக்கவில்லை, அதற்கு மாற்றல் உத்தரவு வழங்கினார்கள்.

இதனினும் நுட்பமானது, பி.எச். அளவுமீறி இறங்காதிருக்கப் பொருத்தப்படும் கட்டுப்பாட்டுக் கருவியின் அமைதி. பி.எச். குறித்த அளவுக்கு இறங்கியதும் வாயுவை நிறுத்துவதே அதன் கடமை. நீரோட்டம் அடியோடு நின்றுபோனாலும் கலனுக்குள் பி.எச். அந்த அளவை ஒட்டியே நிற்குமாதலால், தொட்டிக்கு ஒரு சொட்டும் போகாத நாள்களிலும் அதன் முகப்பில் 6.5 என்ற எண் குறைவின்றி ஒளிர்ந்துகொண்டிருக்கும். பல அலுவலகங்களின் அறிக்கைகளைப் படித்துப் பழகியோர்க்கு இது புதிதன்று. ஆகவே அனுபவமுள்ளோர் அந்த எண்ணை நம்பாமல், அளவுக் குவளையும் கடிகாரமுமாகக் குழாயின் முனையில் குந்தியிருக்கின்றனர்.

பிற்காலத்தார் கண்ட தீர்வு பெரிஸ்டால்டிக் பம்ப். மென்குழாய் ஒன்றை உருளைகள் நசுக்கி நகர்த்த, நீர் அளந்து தள்ளப்படும் அமைப்பு இது. டயாலிசிஸ் கருவிகளில் இரத்தத்தை ஓட்டுவதும் இதுவே. இடுக்கு வால்வு இல்லாததால் அடைப்புக்கு எளிதில் இடமில்லை. ஆனால் நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டும் ஓடுவதற்கென்று செய்த மலிவான பம்பை இரவும் பகலும் ஓடவிட்டால் அதன் மோட்டார் விரைவில் ஓய்வு கோரும். நல்ல பம்பிலும் குழாய் நாளடைவில் தளர்ந்து, அது கொடுக்கும் நீர் குறைவதால், அளவுக் குவளைக்கு முழு விடுதலை இல்லை.

இப்பம்பை ரியாக்டருக்கு முன்னே வைத்து நீரைத் தள்ளுவதா, பின்னே வைத்து உறிஞ்சுவதா என்பது தீராத வழக்கு. முன்னே வைத்தால், வெளிவாய் அடைபட்ட பிறகும் பம்ப் தன் கடமையில் வழுவாது தள்ளிக்கொண்டே இருக்க, ஏதேனும் ஓர் இணைப்பு பிளந்து நீர் தரைக்கு வரும். பின்னே வைத்தால், உள்வாய் அடைபட்டாலும் கலன் காற்றை இழுத்துக் கொள்ளுமேயன்றித் தரை நனையாது. உறிஞ்சுவதே மேல். இத்தெரிவுக்குப் பவளங்களின் நலனே காரணம் என்று தொட்டிக்காரர்கள் கூறுவர். கீழ்த்தளத்தில் குடியிருப்பவரின் கூரைக்கும் அதில் கணிசமான பங்கு உண்டு.