ஒன்பது எழுதினால் பூஜ்யம்

போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மறைக்கல்வித் தேர்வுத் தாள்களைக் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தாளை நான்காக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் செருகினாள். அவள் அப்பாவுக்கு, அதாவது இதை எழுதுபவருக்கு, அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. பிரியாணிக் கடை வரிசையில் நின்றபடி தாளைப் பிடுங்கிப் பார்த்தார். தூய ஆவியின் கனிகள் எத்தனை? 9 என்று எழுதியிருந்தாள். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

"பைபிளைப் பார்த்துத்தாம்ப்பா எழுதினேன்."

பொய்யில்லை. கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வது ஒன்பதுதான். லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவில் அது பன்னிரண்டாகி, மறைக்கல்வி நூல்களும் பன்னிரண்டையே பிடித்துக்கொண்டன. பைபிள் படித்தவளுக்குப் பூஜ்யம். கையேட்டை மனப்பாடம் செய்த பையனுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

உண்மையான மகிழ்ச்சி எது, அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எழுதத்தான் இவர் உட்கார்ந்தார். அதற்கு வருவார். முதலில் இந்த எண்ணிக்கையை ஒரு வழி பண்ண வேண்டும்.

ஆவியின் கொடைகள் ஏழு என்கிறோம். எசாயா நூலின் எபிரேய மூலத்தில் எண்ணினால் ஆறு. கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் ஏழாவது சேர்ந்தது. உடல் சார்ந்த இரக்கச் செயல்களும் ஏழு. மத்தேயு 25-இல் இயேசு சொன்னவை ஆறு. இறந்தோரை அடக்கம் செய்வது தோபித்து நூலிலிருந்து வந்து சேர்ந்துகொண்டது. மலைப்பொழிவில் 'பேறு' ஒன்பது தரம் வருகிறது, நாம் எண்ணுவது எட்டு. கடைசி இரண்டும் துன்புறுத்தப்படுவோரைப் பற்றியவை என்பதால் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். லூக்காவில் பேறு நான்கு, கூடவே கேடும் நான்கு. அந்தக் கேடுகள் எந்தத் தேர்விலும் வந்ததாக இவருக்கு நினைவில்லை. வயிறு நிறைந்தவர்களுக்கு ஐயோ கேடு என்பது ஞாயிறு மத்தியானம் நடத்தக்கூடிய பாடமும் அல்ல.

பத்துக் கட்டளையாவது பத்துதானே என்று நிம்மதியாக இருக்கலாம் என்றால், வரிசை வேறு. கத்தோலிக்கர் புனித அகுஸ்தினார் வழி எண்ணுபவர்கள். நமக்குக் கொலை ஐந்தாவது, விபசாரம் ஆறாவது. பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. பையனுக்குக் கொலையே ஆறாவது. ஒருவன் வந்து "ஆறாவதை மீறிட்டேன்" என்று அழுதால் சாமியாரைக் கூப்பிடுவதா போலீசைக் கூப்பிடுவதா என்பது அவன் எந்தக் கோயில் என்பதைப் பொறுத்தது.

மறைக்கல்வி எப்போதும் இவ்வளவு கனமாக இருந்ததில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ் மறைக்கல்விக் கையேடு 'தம்பிரான் வணக்கம்' மொத்தமே 16 பக்கம். அதில் எத்தனை பேர் கரையேறினார்களோ.

இத்தனைக்கும் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல், மகிழ்ச்சியைத்தான் முன்னால் வைக்கிறது. பேறுகள் 1716-ஆம் எண்ணில் வந்துவிடும். கட்டளைகள் 2052-இல்தான் தொடங்கும். மனிதன் மகிழ்ச்சிக்காகப் படைக்கப்பட்டவன், மற்றதெல்லாம் பிறகு என்ற வரிசை. இவர் பார்த்த வகுப்புகளில் அது தலைகீழ். ஜூனில் 'செய்யாதே' தொடங்கும். மகிழ்ச்சிக்குப் பாடம் வரும்போது கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகையும் வந்துவிடும், இடையனுக்குத் தலைப்பாகை கட்டவே நேரம் போதாது.

தாளைத் திருத்திய சிஸ்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அடுத்த வருஷம் "நீங்களே வகுப்பெடுங்க" என்று தலையில் கட்டிவிடுவார்கள் என்ற பயம்.

"விடும்மா. அடுத்த தடவை பன்னெண்டுன்னே எழுதிடு."

"பைபிள்ல ஒன்பதுன்னு தெரிஞ்சுமா? அது பொய் இல்லையாப்பா? எட்டாம் கட்டளை."

பக்கத்து வீட்டில் அது ஒன்பதாம் கட்டளை என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வந்தது.